லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், ஜாவா மட்டும் ஏன் 1.9 என்கிறது?

கேள்வி: 8 ஜிபி ரேம் உள்ளது என்று சொல்லி ஒரு பழைய லேப்டாப்பை விற்றார்கள். கல்லூரி லேப் பயிற்சிக்காக அதன் ரேம் அளவைக் கண்டுபிடிக்கும் நிரலைப் பல மொழிகளில் எழுதிப் பார்த்தேன். பைத்தான் 7.7 என்கிறது. ஜாவாவில் ஒரு ஃபங்ஷன் 1.9 ஜிபி என்கிறது, இன்னொன்று 120 எம்பி சொச்சம் என்கிறது. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் 8 என்கிறது. கடையில் கேட்டால், “ஓஎஸ் பிரச்சினை, ஃபார்மேட் போட்டால் சரியாகிவிடும்” என்று அதற்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். நான் ஏமாந்துவிட்டேனா? இதில் எது சரியான விடை?

பதில்: ஃபார்மேட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். 7.7 ஜிபி பயன்பாட்டுக்குக் கிடைக்கிறது என்றால் உள்ளே 8 ஜிபி இருக்கிறது. ரேம் விஷயத்தில் நீங்கள் ஏமாறவில்லை. இல்லாத பிரச்சினைக்குக் காசு கேட்கிறார்களே, அதில்தான் ஏமாறப் பார்த்தீர்கள்.

எந்த மொழியும் தானாகப் போய் ரேமை அளந்து பார்ப்பதில்லை. யாரிடமாவது கேட்டுவந்துதான் சொல்கிறது. கேட்கப்படுபவர்கள் மூன்று பேர். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே எந்த ஸ்லாட்டில் எத்தனை ஜிபி இருக்கிறது என்று குறித்துவைக்கும் பயாஸ். அதில் தனக்குக் கிடைத்த அளவை மட்டும் அறிந்த ஓஎஸ், அதாவது விண்டோஸ், லினக்ஸ் போன்றவை. அந்த ஓஎஸ்ஸுக்குள் தனக்கென்று ஒரு பங்கு வைத்துக்கொண்டு ஓடும் ஜாவா போன்ற ரன்டைம், அதாவது நிரலை ஓட்டும் மென்பொருள்.

நீங்கள் ஜாவாவில் பயன்படுத்தியது ரன்டைம் கிளாஸில் இருக்கும் மேக்ஸ்மெமரி, டோட்டல்மெமரி என்ற இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டில் குடியிருப்பவரிடம் “இடம் எவ்வளவு?” என்று கேட்டால் தன் போர்ஷனின் அளவைத்தானே சொல்வார்? ஜாவாவும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. நாம் வேறு அளவு கொடுக்காதவரை, ஜாவா தன் ஹீப்புக்கு (நிரலின் தரவுகளை வைக்கும் இடத்துக்கு) ரேமில் நான்கில் ஒரு பங்கைத்தான் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளும். 7.7-ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள், 1.9 வந்துவிடும். தொடக்கத்தில் எடுத்துக்கொள்வது 64-இல் ஒரு பங்கு. உங்கள் 120 எம்பி அங்கிருந்து வந்தது. டோட்டல்மெமரி என்று பெயர் வைத்துவிட்டதால், அதை ரேமின் மொத்த அளவு என்று எண்ணி எத்தனையோ பேர் புராஜெக்ட் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். இதைத் திருத்த வேண்டிய லேப் மேனுவலே அந்த நிரலை “கம்ப்யூட்டரின் மெமரி அளவைக் காணல்” என்ற தலைப்பில் அச்சிட்டு, மாணவர்களை அப்படியே காப்பி எடுக்கச் சொல்வதைப் பார்க்கும்போது ஆத்திரம் வருகிறது. விடை பொருந்துகிறதா என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு தடவை பார்த்திருந்தாலே போதும்.

ஜாவாவில் சரியாகக் கேட்க, ஓஎஸ்ஸின் விவரங்களைத் தரும் ஆபரேட்டிங்சிஸ்டம்எம்எக்ஸ்பீன் இருக்கிறது. அதில் கெட்டோட்டல்ஃபிசிக்கல்மெமரிசைஸ் என்று இருந்த பெயரை ஜாவா 14-இலிருந்து கெட்டோட்டல்மெமரிசைஸ் என்று சுருக்கிவிட்டார்கள். இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. எதைப் பயன்படுத்தினாலும் பைத்தான் சொன்ன அதே 7.7-தான் வரும், ஏனென்றால் இரண்டும் கேட்பது ஓஎஸ்ஸிடம். பைத்தானின் பிஎஸ்யூடில், நோட் ஜேஎஸ்ஸின் டோட்டல்மெம், சி மொழியில் விண்டோஸுக்கான குளோபல்மெமரிஸ்டேட்டஸ்இஎக்ஸ் எல்லாமே இந்த ரகம். லினக்ஸில் மெம்இன்ஃபோ கோப்பின் மெம்டோட்டல் வரியும் அப்படித்தான். ஓஎஸ்ஸின் மையப்பகுதியான கெர்னலின் நிரலும், தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்த சில பகுதிகளும் அந்த எண்ணில் சேராது. காணாமல் போன 0.3 ஜிபி எங்கும் போகவில்லை.

இந்த ஃபங்ஷன்கள் பைட் கணக்கில் விடை தரும்போது அதை 1024-ஆல் மூன்று முறை வகுத்தால்தான் ஜிபி வரும். 8 ஜிபி ரேம் என்பது 8,58,99,34,592 பைட். அதை நூறு கோடியால் வகுத்துவிட்டு “எனக்கு 8.59 இருக்கிறது, கூடுதலாகக் கிடைத்திருக்கிறது” என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு.

பிரவுசர் சொன்ன 8-ஐ இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். டிவைஸ்மெமரி என்ற அந்த எண், ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே தோராயமாக்கப்பட்டது. குரோமில் நெடுங்காலம் 8-க்கு மேல் காட்டாமல் வைத்திருந்தார்கள். அப்போது 32 ஜிபி மெஷினும் அதில் 8 என்றே சொன்னது. ஃபயர்பாக்ஸில் அது கிடையவே கிடையாது.

சி மொழிக்காரர்கள் கவனிக்க. இஎக்ஸ் இல்லாத பழைய குளோபல்மெமரிஸ்டேட்டஸை இன்னமும் கற்றுக்கொடுக்கிறார்கள். 4 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் அது தவறான விடை தரலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே எச்சரிக்கிறது.

சரி, மாட்டியிருக்கும் ரேமின் முழு அளவு எப்படித் தெரியும்? பயாஸின் குறிப்பைக் கேட்க வேண்டும். விண்டோஸில் கெட்ஃபிசிக்கலிஇன்ஸ்டால்டுசிஸ்டம்மெமரி என்ற ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. அது கிலோபைட்டில் சொல்லும், பைட் என்று நினைத்து வகுத்துவிடாதீர்கள். லினக்ஸில், அந்தக் குறிப்பைப் படித்துக்காட்டும் டிஎம்ஐடிகோட் என்ற கட்டளையை சூடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டுங்கள். நிரலே எழுதாமல் பார்க்க வேண்டுமானால் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கம் போதும். இன்ஸ்டால்டு 8.00, யூசபிள் 7.7 என்று இரண்டையும் ஒரே வரியில் காட்டிவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்ல கடைக்காரர்மீதும் பழி விழுகிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், குறிப்பாக ஏஎம்டி ரைசன் உள்ள சிலவற்றில், கிராஃபிக்ஸுக்காக பயாஸ் 2 ஜிபியை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடும். அப்போது யூசபிள் 5.9 என்று காட்டும். வாங்கியவர் “6 ஜிபியை 8 என்று விற்றுவிட்டான்” என்று சண்டைக்குப் போவார். போகும் முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், மெமரி பக்கத்தின் கீழே ஹார்டுவேர் ரிசர்வ்டு என்ற வரியைப் பாருங்கள். அங்கே 2 ஜிபி அளவு இருந்தால் ரேம் உள்ளேதான் இருக்கிறது. சில மாடல்களில் பயாஸுக்குள் போய் யூஎம்ஏ ஃபிரேம் பஃபர் என்ற, கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் அளவைக் குறைக்கலாம். பல லேப்டாப் கம்பெனிகள் அந்த அமைப்பை மறைத்தே வைத்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்கியவருக்கு அதை மாற்றும் உரிமை கூட இல்லை என்பது அநியாயம். இந்த 2 ஜிபியும் ஃபார்மேட் போட்டால் திரும்பாது, “ரேம் பூஸ்டர்” என்று கிடைக்கும் மென்பொருளாலும் திரும்பாது. அந்த வகை மென்பொருள் எதையும் மெஷினில் ஏற்றாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சர்வீஸுக்குக் கொடுக்கும் இடத்தில் ரேமை மாற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு 8-இல் ஒன்றைக் கழற்றிவிடுவார்கள், அல்லது அதே அளவில் மட்டமானதை மாட்டிவிடுவார்கள். ஒன்றைக் கழற்றினால் அளவு குறைந்து தெரிந்துவிடும். மட்டமானதை மாட்டினால் அளவு மாறாததால் உங்கள் நிரல் எதுவும் அதைக் காட்டிக்கொடுக்காது. பவர்ஷெல்லில் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கட்டளையில் வின்32_ஃபிசிக்கல்மெமரி என்று கேட்டால் ஒவ்வொரு ரேமின் அளவு, தயாரிப்பாளர், சீரியல் எண் எல்லாம் வரும். முன்பு டபிள்யூமிக் என்ற எளிய கட்டளை இதைச் செய்துகொண்டிருந்தது. அதையும் புதிய விண்டோஸ் 11-இலிருந்து எடுத்துவிட்டார்கள், சாதாரண ஆள் என்ன செய்வான் என்ற யோசனையே இல்லாமல். லேப்டாப்பைக் கொடுக்கும் முன் அந்தத் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் மெஷினை விட்டுவிட்டு வராதீர்கள்.

உங்கள் ரெக்கார்டு நோட்டில் 8, 7.7, 1.9 மூன்றையும் எழுதுங்கள். முதலாவது பயாஸ் சொன்னது, இரண்டாவது ஓஎஸ் சொன்னது, மூன்றாவது ஜாவா தன் ஹீப்புக்கு வைத்த உச்சவரம்பு என்று பக்கத்திலேயே குறியுங்கள். மேனுவலில் இருப்பதுபோல் ஒரே விடைதான் வேண்டும் என்று யாராவது அடித்துவிட்டால், அபவுட் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.