மருந்தும் மனிதரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நுரையீரலை ஒரு சில்லுக்குள் (‘சிப்’) உருவாக்கியிருக்கிறார்கள் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அது நிஜமாகவே மூச்சு விடுமா?
– பி.ஃபார்ம். மாணவி, மதுரை

பதில்: மூச்சு விடும்போது காற்றுப்பைகள் விரிந்து தளர்கிற அந்த அசைவு அதில் அப்படியே இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வைஸ் உயிரிப் பொறியியல் நிறுவனம் 2009-ல் பாஸ்டனில் தொடங்கியது. மறு ஆண்டே அங்குள்ள விஞ்ஞானி டான் இங்க்பர் குழுவினர் இந்தச் சில்லைச் செய்துகாட்டிவிட்டார்கள்.

பென் டிரைவ் அளவுதான். கண்ணாடி போலத் தெரிந்தாலும் வளையக்கூடிய சிலிகோன் ரப்பர். உள்ளே மேலும் கீழுமாக இரண்டு நுண்கால்வாய்கள், நடுவில் பொடித்துளைகள் கொண்ட ஒரு சவ்வு. சவ்வின் மேல்பக்கம் மனிதக் காற்றுப்பைச் செல்கள், அடிப்பக்கம் ரத்த நுண்குழாய்ச் செல்கள். மேலே காற்று, கீழே ஊட்டத் திரவம். இருபுறமும் உள்ள அறைகளில் காற்றை உறிஞ்சி உறிஞ்சி விட, சவ்வு இழுபட்டுத் தளரும்.

அந்த இழுப்பு எவ்வளவு முக்கியம் என்பது 2012-ல் தெரிந்தது. இன்டர்லூக்கின்-2 என்ற புற்றுநோய் மருந்தால் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதே மருந்தைச் சில்லின் ரத்தக் கால்வாயில் செலுத்தினார்கள். கீழே ஓடிய திரவம் மெல்ல மெல்லச் சவ்வைத் தாண்டி, காற்று இருக்க வேண்டிய கால்வாயை நிரப்பிவிட்டது. இழுப்பை நிறுத்திவிட்டுச் செய்தபோது கசிவு வெகுவாகக் குறைந்தது. மூச்சின் அசைவும் சேர்ந்தே கசிவைக் கூட்டுகிறது! அசையாத தட்டில் செல் வளர்த்துக்கொண்டிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. உங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: அப்படியானால் எலி, முயல் சோதனைகளை இனி நிறுத்திவிடலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: நிறுத்த வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். நான் மருந்தியல் பாடம் எடுத்த காலத்தில், கினிப்பன்றியின் குடல் துண்டை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு மருந்து சொட்டுவோம். குடல் சுருங்கச் சுருங்க, கரிப்புகை படிந்த உருளைத்தாளில் நெம்புகோல் முனை வெள்ளைக் கோடு கீறும். அந்த ஒரு கோட்டுக்காக ஓர் உயிர் போயிருக்கும்.

ஆனால் உடனே முடியாது. 2022-ல் 870 கல்லீரல் சில்லுகளில் 27 மருந்துகளைச் சோதித்தார்கள். விலங்குச் சோதனையில் தேறிய பிறகு மனிதர்களின் கல்லீரலைக் கெடுத்த மருந்துகளில் 87 சதவீதத்தைச் சில்லு பிடித்துவிட்டது. நல்ல மருந்து எதையும் கெட்டது என்று சொல்லவில்லை. அசத்தலான முடிவுதான். இருந்தாலும் அது கல்லீரல் மட்டும். ஒரு மருந்து கல்லீரலில் உருமாறி, சிறுநீரகத்தைத் தொட்டு, மூளைவரை போகிற வழியை ஒற்றைச் சில்லு காட்டாது. பல சில்லுகளைக் கோத்துப் பார்க்கும் வேலை நடக்கிறது. இன்னொரு சிக்கல், கொழுப்பில் கரையும் மருந்துகள் சிலவற்றைச் சிலிகோன் தானே உறிஞ்சிக்கொள்ளும். செல்லுக்குப் போய்ச் சேர்ந்த அளவு எவ்வளவு என்பதில் குழப்பம் வந்துவிடும்.

சட்டம் வழிவிட்டுவிட்டது. புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிபந்தனையை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. இந்தியாவும் 2023-ல் விதிகளைத் திருத்தி உறுப்புச் சில்லு போன்ற முறைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. நம் மருந்து நிறுவனங்கள் இதைப் பயன்படுத்த முன்வர வேண்டும்.

கேள்வி: என் மகன் ப்ளஸ் டூ. இந்தத் துறைக்குப் போக உயிரியல் போதுமா?
– வாசகி, திருச்சி

பதில்: போதாதும்மா. கம்ப்யூட்டர் சில்லு செய்யும் நுட்பத்திலிருந்து வந்ததுதான் இது. கணக்கையும் இயற்பியலையும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது, செல் வளர்ப்பு ஆய்வகத்தில் மாணவர்களைத் தாங்களே வேலை செய்ய விடுகிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள்.