முதல் விமானம் எது?

கேள்வி: ரிமோட் விமானம் விட ஆசை. கடையில் பார்த்த போர் விமான மாடலையே வாங்கலாமா? - வாசகர், திருமங்கலம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அது வேகமாகப் போகும், ரிமோட்டில் இருக்கும் ஸ்டிக்கைக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளினாலே புரண்டுவிடும். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும் ஃபோம் ட்ரெய்னர், அதாவது பழகுவதற்கென்றே ஃபோமில் செய்த விமானம், வாங்குங்கள். இறக்கை நுனிகள் லேசாக மேல்நோக்கி இருப்பதால், சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும். என்னுடையது மேலூர்ப் பக்கம் வற்றிய கண்மாயில் கருவேல மரத்தில் போய் மோதி மூக்கு உடைந்து, பசை போட்டு ஒட்டியதும் மறுபடி பறந்தது. பால்சா என்ற லேசான மரத்தில் செய்ததென்றால் அன்றைக்கே குப்பைதான்! அப்புறம், விமானத்துக்குப் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை நம்ம ஊர் வெயிலில் பைக் பெட்டிக்குள் வைக்காதீர்கள், உப்பிவிடும். மதுரை விமான நிலையம் இருக்கும் அவனியாபுரம் பக்கம் பறக்கவே விடாதீர்கள்.