போஸ்ட்கிரெஸை வைத்து கிளவுட் டேட்டாபேஸ் சேவை கட்டுகிறோம், ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை நம் பக்கம் கொண்டுவருவது எப்படி?

கேள்வியின் விவரத்தில் இருப்பது இதுதான்: சின்ன கம்பெனி, போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸை எடுத்து ஸ்டோரேஜ் பகுதியில் கொஞ்சம் கைவைத்து, மாதக் கட்டணத்துக்கு கிளவுடில் தரப்போகிறார்கள். டிஸ்கார்ட் திறக்கலாமா, டி-ஷர்ட் அனுப்பலாமா, ஹேக்கத்தான் நடத்தலாமா, கம்யூனிட்டி மேனேஜர் ஒருவரை எடுக்கலாமா, இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் நடக்குமா என்று கேட்டிருக்கிறார். மேனேஜ்டு போஸ்ட்கிரெஸ் விற்கிற இடங்களில்தான் நானும் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷத்தில் டிஸ்கார்டும் வேண்டாம், டி-ஷர்ட்டும் வேண்டாம். அந்தக் காசில் நல்ல சி புரோகிராமர் ஒருவரை எடுத்து, அவர் நேரத்தில் பாதியை போஸ்ட்கிரெஸுக்கே எழுதிவைத்துவிடுங்கள்.

டி-ஷர்ட் விவகாரம் ஏற்கெனவே ஊரறிந்த கதை. கிளவுட் நிறுவனமான டிஜிட்டல்ஓஷன் அக்டோபர் மாதத்தில் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் விழாவில் 2020ல் நாலு புல் ரெக்வெஸ்ட் (கோடில் ஒரு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் என்று இருந்தது. ரீட்மீ ஃபைலில் ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டு அனுப்பியவர்கள் எண்ணிக்கை எகிறி, ப்ராஜெக்டுகளைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள் கொதித்துப்போய், விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்டுகள் மட்டுமே சேரும் என்று மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. டேட்டாபேஸ் எஞ்சினில் கைவைக்கக்கூடிய ஆள் எவருக்கும் டி-ஷர்ட் ஒரு பொருட்டே இல்லை, அவர் வீட்டில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருப்பார்.

சரி, அவர்களுக்கு எதைத்தான் கொடுப்பது? உங்களிடம் மட்டுமே இருக்கிற சரக்கு ஒன்று உண்டு, பெரும்பாலான கம்பெனிகள் அதைச் சரக்காகவே நினைப்பதில்லை: கோளாறுகள். ஒரு கம்பெனி தன் சொந்த சர்வரில் பத்து வருஷத்தில் ஒரு தடவை பார்க்கும் கிராஷை, ஆயிரக்கணக்கான டேட்டாபேஸ் ஓட்டும் நீங்கள் வாராவாரம் பார்ப்பீர்கள். போஸ்ட்கிரெஸ் கோர் எழுதுகிறவர்களில் பலருக்கு அந்த மாதிரி பெரிய புரொடக்‌ஷன் கையில் இல்லை. பழைய வரிசைகளைக் கூட்டிப்பெருக்கும் வேக்யூம் எப்போது மூச்சுத் திணறுகிறது, எந்த மைனர் வெர்ஷனுக்கு மாறியபின் ரெப்ளிகா (நகல் சர்வர்) பின்தங்குகிறது என்பதெல்லாம் உங்கள் ஆன்-கால் ஆட்களுக்குத்தான் தெரியும், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு.

ஆனால் அதை அப்படியே தூக்கிப்போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். "எங்கள் கஸ்டமர் ஒருவரின் சர்வர் விழுந்துவிட்டது, லாக் இணைத்துள்ளேன்" என்பது புலம்பல். சர்வர் விழும்போது விட்டுச்செல்லும் கோர் டம்ப்பிலிருந்து எடுத்த பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்ற தடம்), மைனர் வெர்ஷன் எண், டீஃபால்ட்டிலிருந்து மாற்றிய செட்டிங்ஸ் மட்டும், கஸ்டமர் டேட்டா ஒரு வரி கூட இல்லாமல் சுருக்கிய எஸ்கியூஎல், இவ்வளவையும் சேர்த்து, காலியான டேட்டாபேஸில் ஒட்டி என்டர் தட்டினால் படிப்பவர் மெஷினிலும் சர்வர் விழ வேண்டும். இரண்டு டிரான்ஸாக்‌ஷன்கள் ஒன்றோடொன்று மோதும்போது வரும் கோளாறு என்றால் போஸ்ட்கிரெஸ் சோர்ஸிலேயே ஐசொலேஷன் டெஸ்டர் இருக்கிறது, எந்த செஷன் எந்த வரிசையில் என்ன செய்யும் என்று அதில் எழுதிக் கொடுக்கலாம். இந்தத் தரத்தில் அடிக்கடி பக் ரிப்போர்ட் கொடுக்கும் ஆளின் பெயர் கமிட்டர்களுக்கு (மாற்றங்களை போஸ்ட்கிரெஸில் நேரடியாகச் சேர்க்கும் உரிமை உள்ளவர்கள்) தானாக மனப்பாடமாகிவிடும், அப்புறம் அவர் அனுப்பும் பேட்சை, அதாவது கோடு மாற்றத்தை, திறந்து பார்ப்பார்கள்.

பேட்ச் என்றதும் இன்னொன்று. போஸ்ட்கிரெஸில் வழக்கமாக ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என்று, வந்த பேட்சுகளை ரிவ்யூ செய்யும் கமிட்ஃபெஸ்ட் நடக்கும், ஏப்ரலில் புது வசதிகள் சேர்ப்பதை நிறுத்தும் ஃபீச்சர் ஃப்ரீஸ், செப்டம்பர் அக்டோபர் வாக்கில் புது வெர்ஷன். ஒரு பேட்சைப் போடுகிறவர் அதே அளவு சிக்கலான இன்னொருவர் பேட்சை ரிவ்யூ செய்ய வேண்டும் என்பது எழுதி வைத்த எதிர்பார்ப்பு. கிட்டத்தட்ட மொய் மாதிரிதான், யார் எவ்வளவு எழுதினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் உங்கள் ஆள் தன் பேட்சைப் போடுவதற்கு முன்பே அடுத்தவர்களுடையதை எடுக்கட்டும். ரிவ்யூ என்றதும் மிரள வேண்டாம். பேட்ச் இன்றைய மாஸ்டர் (முதன்மைக் கோடு) மேல் சுத்தமாக உட்காருகிறதா, கம்பைல் ஆகும்போது வார்னிங் வருகிறதா, மேக் செக் வேர்ல்டு என்ற முழு டெஸ்ட் தொகுப்பு தேறுகிறதா, டாக்குமென்டேஷனில் சொன்னதும் நடப்பதும் ஒன்றா, நல் மதிப்பும் காலி டேபிளும் பார்ட்டிஷன் டேபிளும் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்து எழுதினாலே எழுதியவருக்குப் பெரிய உதவி. வரிசையில் நிற்கும் பேட்சுகளுக்குப் பஞ்சமே இல்லை, ரிவ்யூ செய்கிறவர்களுக்குத்தான் எப்போதும் பஞ்சம்.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்று மேலிடம் கேட்கும். அதற்கு ஒரே உதாரணம் சொல்கிறேன், உங்கள் தொழிலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டதும்கூட. கிளவுடில் வாடிக்கையாளருக்கு சூப்பர்யூசர் உரிமை தர முடியாது, தந்தால் டேட்டாபேஸ் வழியாகவே சர்வரின் ஃபைல்களைத் தொட்டுவிடலாம். அதனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு அரைகுறை சூப்பர்யூசரை உருவாக்கிக்கொண்டது. அப்படிப்பட்டவர் தனக்குச் சொந்தமில்லாத டேபிளில் வேக்யூமோ ரீஇண்டெக்ஸோ (இண்டெக்ஸை மறுபடி கட்டுவது) போடுவது சள்ளை பிடித்த வேலை. அப்போது அமேசானில் இருந்த டெவலப்பர்கள் முன்னின்று, மெயின்டெய்ன் என்று ஒரு தனி உரிமையை போஸ்ட்கிரெஸுக்கே கொண்டுவந்தார்கள். 2022 கடைசியில் வெர்ஷன் 16க்காகச் சேர்க்கப்பட்டது. அப்புறம்தான் ஓட்டை தெரிந்தது: ரீஇண்டெக்ஸ் போடும்போது இண்டெக்ஸில் உள்ள ஃபங்ஷன்கள் டேபிளின் சொந்தக்காரர் உரிமையில் ஓடும், கமாண்ட் கொடுப்பவரோ தன் சர்ச் பாத்தை (பெயர்களை எந்த வரிசையில் எங்கே தேடுவது என்ற செட்டிங்) மாற்றி வைத்து அந்த ஃபங்ஷன்களைத் தன் கோடைக் கூப்பிட வைக்கலாம். 16 வெளியாகும் முன்பே எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள். மெயின்டெனன்ஸ் வேலைகள் பாதுகாப்பான சர்ச் பாத்தோடு மட்டுமே ஓடும்படி திருத்தி, 2024 செப்டம்பரில் வந்த 17ல்தான் அது மீண்டும் வந்தது. அமேசான் அளவு ஆள்பலம் உள்ள இடத்துக்கே இவ்வளவு. ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது வெளிப்படையான அலசல், அதையே தனி ஃபோர்க்கில் (பிரித்தெடுத்த சொந்த நகலில்) ரகசியமாகச் செய்து வைத்திருந்தால் கண்டுபிடிப்பது யாராக இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இதே காரணத்தால்தான் உங்கள் ஸ்டோரேஜ் மாற்றத்தை முடிந்தவரை சின்னதாக வையுங்கள் என்கிறேன். போஸ்ட்கிரெஸை கிளவுடில் தரும் நியான் இதற்கு நல்ல பாடம். 2021ல் தொடங்கியது, நிறுவியவர்களில் ஒருவர் ஹெய்க்கி லின்னகாங்காஸ், போஸ்ட்கிரெஸின் நீண்டகால கமிட்டர். ஸ்டோரேஜைப் பிரித்தெடுத்து ரஸ்ட்டில் தனியாக எழுதினார்கள், போஸ்ட்கிரெஸுக்குள் தொட்டது கொஞ்சம், கோடை அப்பாச்சி லைசென்ஸில் திறந்தே வைத்தார்கள். 2025ல் டேட்டாபிரிக்ஸ் சுமார் நூறு கோடி டாலருக்கு வாங்கியது. இதைக் காட்டி "கோடைத் திறந்தால் ஊரே வந்து எழுதும்" என்று சொல்பவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஸ்டோரேஜ் பகுதி பெரும்பாலும் சம்பளக்காரர்கள் எழுதியதுதான், அதில் தப்பும் இல்லை. தான் ஓட்டாத ஒன்றுக்கு மனிதர்கள் கோடு எழுதமாட்டார்கள். ஆயிரம் டேட்டாபேஸை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பிளேன் உங்களைத் தவிர யாருக்கு வேண்டும்? அதைத் திறப்பது நம்பிக்கைக்காக, கையாட்களுக்காக இல்லை.

கையாட்கள் வேண்டுமென்றால் லேப்டாப்பில் ஓடுகிற சின்ன சாமான்களில் தேடுங்கள். எக்ஸ்டென்ஷன், கனெக்‌ஷன் பூலர், பேக்கப் டூல், கிளையன்ட் லைப்ரரி. உங்கள் விலைப்பட்டியல் பக்கத்தில் "ஐம்பது எக்ஸ்டென்ஷன் ஆதரவு" என்று போடுவீர்கள், அதில் பலவற்றை ஒருவரோ இருவரோ ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறார்கள். நீங்கள் அவர் எக்ஸ்டென்ஷனைப் பட்டியலில் சேர்த்த மறுநாளிலிருந்து உங்கள் கஸ்டமர்களின் கேள்வியெல்லாம் அவர் தலையில்தான் விடியும். குறைந்தபட்சம் உங்கள் சப்போர்ட் டீம் முதலில் வடிகட்டட்டும், புது போஸ்ட்கிரெஸ் பீட்டா வந்ததும் அந்த எக்ஸ்டென்ஷன் அதில் கம்பைல் ஆகிறதா என்று நீங்களே பார்த்து பேட்ச் அனுப்புங்கள், முடிந்தால் மாதம் ஒரு தொகை. போஸ்ட்கிரெஸ் மேல் சேவை விற்கும் சுபாபேஸ் செய்ததைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் டேபிள்களை அப்படியே ரெஸ்ட் ஏபிஐ ஆக்கித் தரும் போஸ்ட்கிரெஸ்ட், சுபாபேஸ் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே இருந்தது. அதை நகல் எடுத்துப் புதுப் பெயர் வைக்காமல், அதன் மெயின்டெய்னரை வேலைக்கு எடுத்து அதே ப்ராஜெக்டில் வேலை செய்ய விட்டார்கள். கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து தரும் பூலரான பிஜிபவுன்சரில் டிரான்ஸாக்‌ஷன் மோடில் பிரிபேர்டு ஸ்டேட்மென்ட் (முன்கூட்டியே தயார்செய்து வைத்த குவெரி) ஓடாது என்பது கிளவுட் உலகத்தின் தீராத தலைவலியாக இருந்தது, 2023 அக்டோபரில் 1.21 வெர்ஷனில் பெருமளவு தீர்ந்தது. அதிலும் மைக்ரோசாஃப்டில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவரின் பங்கு உண்டு, பலன் எல்லோருக்கும் போனது.

லைசென்ஸை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள், பிறகு தொடாதீர்கள். ரெடிஸ் என்ற மெமரி டேட்டாபேஸின் கதை தெரிந்திருக்கும். 2024 மார்ச் 20 அன்று தாராளமான பிஎஸ்டி லைசென்ஸை விட்டார்கள், மார்ச் 28 அன்று லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அதன் ஃபோர்க்கான வால்கீ அறிவிக்கப்பட்டுவிட்டது. இதில் பலர் கவனிக்காதது, அவ்வளவு வேகம் எப்படி வந்தது என்பது. 2020ல் ரெடிஸை உருவாக்கிய சல்வத்தோரே சான்ஃபிலிப்போ பராமரிப்பிலிருந்து விலகியபின் அமைத்த ஐந்து பேர் குழுவில் அமேசான், அலிபாபா ஆட்களும் இருந்தார்கள், அதாவது எஞ்சினின் உள்ளும் புறமும் தெரிந்தவர்கள் வெளியிலும் இருந்தார்கள். அவர்கள் நடந்து போனார்கள், கோடும் கூடவே போனது. 2025 மே மாதம் ரெடிஸ், ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸான ஏஜிபிஎல்லைச் சேர்த்துப் பாதி வழி திரும்பி வந்தது, போனவர்கள் திரும்பவில்லை. மாங்கோடிபி 2018 அக்டோபரிலேயே கிளவுட் சேவை விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் எஸ்எஸ்பிஎல்லுக்கு மாறியது, லினக்ஸ் தொகுப்புகளான டெபியனும் ஃபெடோராவும் கைவிட்டன, ஆனால் பெரிய ஃபோர்க் எதுவும் கிளம்பவில்லை, அவர்களுடைய கிளவுட் சேவையான அட்லஸும் நன்றாகவே விற்கிறது. ஏனென்றால் அந்தக் கோடு ஏறக்குறைய முழுவதும் அவர்கள் ஊழியர்கள் எழுதியது. அதுவும் நேர்மையான வழிதான், அந்த வழியில் போகிறவர் கம்யூனிட்டி என்று மேடை போடாமல் இருந்தால் போதும். உங்கள் சின்ன டூல்களுக்கு சிஎல்ஏ (கோடு தருபவர் கம்பெனிக்கு உரிமை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம்) கையெழுத்து கேட்டீர்களானால், நாளைக்கு லைசென்ஸ் மாற்றப்போகிறீர்கள் என்றே படிப்பார்கள். போஸ்ட்கிரெஸ் யாரிடமும் சிஎல்ஏ கேட்பதில்லை.

கமிட்டர் ஒருவரை வேலைக்கு எடுத்தால் காரியம் ஆகுமா? ஆள் கிடைத்தால் எடுங்கள், ஆனால் கமிட் உரிமை ஆளுக்குத்தான், கம்பெனிக்கு இல்லை. வேலை மாறினால் அவரோடே போகும். போஸ்ட்கிரெஸை வழிநடத்தும் கோர் டீமில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனி ஆட்கள் இருக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. 2020ல் இடிபி என்ற போஸ்ட்கிரெஸ் கம்பெனி, அதே துறையிலிருந்த செகண்ட்குவாட்ரன்ட்டை வாங்கியபோது அந்தக் கணக்கு மீறியதால் குழுவை ஏழு பேராக்கினார்கள். ஆகவே உங்கள் பேட்சை உள்ளே தள்ளுவதற்காக ஒருவரை எடுத்தால் அவருக்குத்தான் பெயர் கெடும்.

இலக்கு வைக்கும் மேனேஜர்களிடமும் ஜாக்கிரதை. நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் காலாண்டுக்கு இத்தனை பேட்ச் ஏற்கப்பட வேண்டும் என்று ஓகேஆரில் (இலக்குப் பட்டியலில்) போட்டார்கள். பசங்கள் கமென்ட்டில் இருக்கும் எழுத்துப்பிழையாகத் தேட ஆரம்பித்தார்கள், ஒரு கமிட்டர் மரியாதையாக "இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அனுப்பலாமே" என்று கேட்டுவிட்டார்.

இந்தியாவிலிருந்து முடியுமா என்றால், தாராளமாக. பேரலல் குவெரியிலும் லாஜிகல் ரெப்ளிகேஷனிலும் பெரும் பங்கு செய்த அமித் கபிலா பெங்களூர்க்காரர், கமிட்டர். பெங்களூரில் பிஜிகான்ஃப் இந்தியா நடக்கிறது, போய்வாருங்கள், ஸ்பான்சர் ஸ்டால் போடுவதைவிட உங்கள் எஞ்சினியர் ஒரு கோளாறை எப்படித் துரத்திப் பிடித்தார் என்று பேசினால் கூட்டம் சேரும். போஸ்ட்கிரெஸ் வேலை எல்லாமே டெவலப்பர் மெயிலிங் லிஸ்ட்டில் நடப்பதால் நேர வித்தியாசம் தடையில்லை, இங்கிலீஷ் இலக்கியத் தரத்தில் இருக்க வேண்டியதும் இல்லை, சின்னச் சின்ன வாக்கியம் போதும். முதல் மெயில் அனுப்பும் முன் மூன்று விஷயம்: ப்ளெயின் டெக்ஸ்ட்டாக அனுப்புங்கள், பதிலை மெயிலின் தலையில் எழுதாமல் அவரவர் சொன்ன வரிக்குக் கீழே எழுதுங்கள், ஒவ்வொரு மெயிலின் அடியிலும் "இது ரகசியமானது, பெறுநர் அல்லாதவர் அழித்துவிடவும்" என்று உங்கள் கம்பெனி தானாக ஒட்டும் அந்த நீள லீகல் வாசகத்தை அந்த லிஸ்ட் முகவரிக்காவது நிறுத்தச் சொல்லி ஐடி டீமில் இப்போதே டிக்கெட் போட்டு வையுங்கள். கடைசி விஷயத்துக்கு அனுமதி வாங்கத்தான் அதிக நாள் பிடிக்கும்.