பன்றிக்குச் சிறுநீர் சிவந்தால்: ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை

கேள்வி: வெண்பன்றிகள் வளர்க்கிறேன். இரண்டு தாய்ப்பன்றிகளுக்குக் கடும் காய்ச்சல், தீனி எடுக்கவில்லை, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகிறது. ஒன்றுக்குச் சினை கலைந்துவிட்டது. காது மடலில் உண்ணிகள் இருந்தன. கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் ஊசி போட்டும் பலனில்லை. பக்கத்துக் கொட்டில் மாடுகளிடமிருந்து உண்ணிக் காய்ச்சல் தொற்றிவிட்டதா?

பதில்: உண்ணிக் காய்ச்சலை உண்டாக்குவது பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணி. மாட்டைத் தாக்கும் பபீசியா வேறு. பன்றிக்கென்றே பபீசியா டிராட்மன்னி, பபீசியா பெரான்சிடோய் என இரண்டு உண்டு. உண்ணி கடிக்கும்போது உள்ளே போய், சிவப்பணுக்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கும். அதனால்தான் சோகை, மஞ்சள் காமாலை, கருஞ்சிவப்புச் சிறுநீர் எல்லாம். ஆப்பிரிக்காவிலும் தென் ஐரோப்பாவிலும் அறியப்பட்ட நோய் இது. நம் பண்ணைகளில் உண்ணியைப் பார்த்ததுமே இதுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். சிறுநீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்தால் சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். தாய்ப்பன்றிகளில் அது சகஜம். படியாமல் முழுதும் ஒரே நிறமாக நின்றால் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று பொருள். எலிக்காய்ச்சலிலும் இப்படி ஆகலாம், சினையும் கலையும். அது மனிதருக்கும் தொற்றும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

உறுதி செய்ய ரத்தப் பூச்சு வேண்டும், அதாவது கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகத் தடவிய ஒரு சொட்டு ரத்தம். காய்ச்சல் ஏறியிருக்கும்போது, அடுத்த ஊசிக்கு முன்பே, காது ரத்தக்குழாயிலிருந்து கால்நடை மருத்துவர் எடுக்கட்டும். மருந்து போட்டபின் எடுத்தால் ஒட்டுண்ணி கண்ணில் படாமல் போகலாம். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் பரிசோதிக்கலாம். பபீசியா என்று தெரிந்தால் டிமினசின் என்ற மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 3.5 மில்லிகிராம், தசையில் ஊசியாக. அளவு மீறினால் நரம்பைப் பாதிக்கும் மருந்து, நீங்களாகப் போடவேண்டாம். சோகை பிடித்த பன்றியைத் துரத்திப் பிடிப்பதும் ஆபத்து, மூச்சிரைத்தே விழுந்துவிடும்.

காது, வயிறு நீலம்பாய்ந்து அடுத்தடுத்துச் சாவு விழுந்தால் கதையே வேறு. 2020-இல் அசாமில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலோ, பழைய பன்றிக் காய்ச்சலோ இருக்கலாம். இரண்டும் வைரஸ், மருந்து கிடையாது. ஒரு பன்றியையும் வெளியே விடாமல் உடனே தகவல் சொல்லுங்கள்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவதை விடுங்கள், தோல்தான் வெந்துபோகும். மருத்துவர் சொல்லும் அளவில் அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லியைத் தெளித்து, அவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி தெளியுங்கள். சுவர் விரிசல்களைப் பூசுங்கள், முட்டையெல்லாம் அங்கேதான். பண்ணை நாயையும் சேர்த்துக் கவனியுங்கள். ஊசி போட்ட பன்றியை எத்தனை நாள் கழித்து இறைச்சிக்கு விற்கலாம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.