உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்

கேள்வி: ஆன்லைனில் எனக்கென்றே தேர்ந்தெடுத்து வலைப்பூக்களைப் பரிந்துரைக்கிறார்கள். அதை நம்பிப் படிக்கலாமா? நல்ல புது வலைப்பூக்களைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறதா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், வலங்கைமான்

பதில்: "எனக்கென்றே"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வார்த்தையைப் படிச்சதும் எனக்கு கும்பகோணத்துல நான் வழக்கமா போற வெத்தலைக் கடைதான் ஞாபகம் வந்துச்சு. சைக்கிளை ஸ்டாண்ட் போடறதுக்குள்ளயே "வாங்க சார், உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன், கொழுந்து"ன்னு ஈரத்துணிக்கு அடியிலேருந்து ஒரு கவுளியை எடுப்பார் அந்தக் கடைக்காரர். ஊர்ல இத்தனை பேர் இருக்க நமக்குன்னு ஒருத்தர் எடுத்து வெக்கிறாரேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஜில்லுன்னு இருக்கும், பத்து வருஷம் அந்த சந்தோஷத்துலயே ஓடிச்சு. ஒரு நாள் நல்ல மழை, கடைக்குள்ளயே ஒதுங்கி நின்னேன். அரை மணி நேரத்துல பதினோரு பேர் வந்தாங்க. பதினோரு பேருக்கும் "உங்களுக்குன்னே". அதுல ஒருத்தர் வெளியூர்க்காரர், பஸ் மாறறதுக்காக எறங்கினவர். அவர் போனப்பறம் "ஏண்ணே, அவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா"ன்னேன். "தெரியாது சார், ஆனா அந்த வேட்டி, அந்தப் பை, அந்த மாதிரி ஆளுங்க இளங்கொழுந்துதான் கேப்பாங்க, அதான் எடுத்துக் குடுத்தேன்"னார்.

மொத்த விஷயமும் அவ்வளவுதாங்க. கம்ப்யூட்டர்காரங்க இதுக்கு கொலாபரேட்டிவ் ஃபில்டரிங்னு பேர் வெச்சு 1990கள்லேருந்து பண்ணிட்டிருக்காங்க. நீங்க படிச்ச நாலையும் படிச்ச வேற ஆயிரம் பேர் அஞ்சாவதா எதைப் படிச்சாங்களோ அதைத் தூக்கி உங்க முன்னாடி போடும். அதாவது உங்களுக்குன்னே இல்ல, உங்களை மாதிரி வேட்டி கட்டினவங்களுக்குன்னே. 2006ல நெட்ஃபிளிக்ஸ்காரங்க, யாருக்கு எந்தப் படம் புடிக்கும்ங்கற கணிப்பை 10 சதவீதம் ஒசத்திக் காட்டறவங்களுக்கு 10 லட்சம் டாலர்னு போட்டி வெச்சாங்க, ஒரு குழு அதை ஜெயிக்க 2009 ஆயிடுச்சு. நம்ம கடைக்காரரைக் கேட்டிருந்தா ஒரு கவுளி காசுல முடிஞ்சிருக்கும்.

சில நாள் அந்த அளவுக்கு கூட வேலை செய்யறதில்ல. போன தையில மாப்பிள்ளைச் சம்பா அரிசி பத்தி ஒரு தரம் தேடினேன், அன்னிலேருந்து எனக்கு வரன் வரனா வந்துட்டிருக்கு. எனக்கு வயசு 63. வீட்ல போனை வாங்கிப் பாத்துட்டு ரெண்டு நாள் பேசல.

இருங்க, "பரிந்துரை"ன்னும் ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க. பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும், இதே பக்கத்துல நான் ஒரு தரம் "சிபாரிசு"ன்னு எழுதினதுக்கு மன்னார்குடி புலவர் ஒருத்தர் அது பாரசீகச் சொல், பரிந்துரைன்னு நல்ல தமிழ் இருக்க உமக்கேன் இந்தப் புத்தின்னு மாசம் ஒரு கார்டு வீதம் ஆறு மாசம் போட்டார், நானும் விடல, பதிலுக்கு பதில் போட்டேன். இன்னிக்கு சரண்டர் ஆகறேன் ஐயா. பரிந்து உரைக்கறதுதான் பரிந்துரை, அதுக்கு பரிவுன்னு ஒண்ணு வேணும், மெஷினுக்கு அது ஏது? அதனால மனுஷன் சொன்னா பரிந்துரை, மெஷின் சொன்னா சிபாரிசு. பாதிதான் தோத்திருக்கேன், கவனிக்கவும்.

ஆனா பரிவுன்னா இனிக்க இனிக்க சொல்றதுன்னு நினைச்சுக்காதீங்க. 1880ல இதே கும்பகோணத்துல நடந்ததைப் பாருங்க. காலேஜ்ல தமிழ்ப் பண்டிதரா அந்த வருஷம்தான் சேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையர், ஊருக்கு முன்சீபா வந்திருந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பாக்கப் போறார். என்ன படிச்சிருக்கீங்கன்னு முன்சீப் கேக்கறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பாடம் கேட்டவராச்சே, அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம்னு அடுக்கறார் ஐயர். முதலியார் அசையவே இல்ல. இதெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம்ங்கற தோரணையில ஒரு போடு போட்டுட்டு சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னார். ஐயர் படிச்சதில்ல, ஏடு கையில கிடைச்சதில்ல, சைவ மடத்துல படிச்சவருக்கு அந்த சமணக் காப்பியம் பக்கமே போற வழி இல்ல. அப்புறம் முதலியாரே பிரதியும் குடுத்தார். 1887ல சிந்தாமணி அச்சுல வந்துச்சு, பின்னாடியே பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், 1894ல புறநானூறு.

அந்த நாற்காலியில ஒரு மெஷின் உக்காந்திருந்தா என்ன சொல்லியிருக்கும்? "அந்தாதி படித்த உங்களுக்காக, இதோ இன்னும் பதினேழு அந்தாதிகள்." ஐயரும் சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பார், சிந்தாமணி ஏட்டை கரையான் முடிச்சிருக்கும். நீங்க படிச்சது பத்தாதுன்னு முகத்துக்கு நேரா சொல்ற ஆள் வேணுங்க. மெஷின் உங்களை கோவிச்சுக்காது, கோவிச்சுக்கிட்டா நீங்க போனை கீழ வெச்சுருவீங்களே.

இன்னொரு கோளாறும் இருக்கு, அது நம்ம கடைமடை கதை. ஜூன் 12 மேட்டூர்ல தண்ணி தொறந்தாச்சுன்னு பேப்பர்ல பூ தூவற போட்டோ வந்துடும், தலைஞாயிறு பக்கம் போய்ப் பாத்தா வாய்க்கால்ல ஆடு மேயும். புதுசா எழுத வர்றவன் கதையும் அதேதான். அவனை யாரும் படிக்கல, படிக்காததால மெஷின்கிட்ட அவனைப் பத்தி கணக்கு இல்ல, கணக்கு இல்லாததால அது காட்டாது, காட்டாததால யாரும் படிக்கல. தலைமடைக்காரன் வயல்ல மட்டும் தண்ணி வழிஞ்சு ஓடும்.

2004ல தமிழ்மணம்னு ஒரு திரட்டி வந்துச்சு, பல வலைப்பூக்களோட புதுப் பதிவுகளை ஒரே பக்கத்துல காட்டின தளம். அதுல இந்தத் தொல்லை இல்லாம இருந்துச்சு, யார் புதுசா எழுதினாலும் வரிசையா மேல வரும், பெரிய ஆள் சின்ன ஆள் இல்ல. அப்புறம் பதிவுக்குப் பதிவு வாசகர்கள் ஓட்டு போடற ஓட்டுப் பட்டைன்னு ஒண்ணு வந்துச்சு, அதோட பேராவூரணி மொய் விருந்து ஆயிடுச்சு. நான் உனக்கு ஒண்ணு போட்டேன், நீ எனக்கு ஒண்ணு போடு, நோட்டு ஒண்ணுதான் பாக்கி. எனக்கு ஓட்டு போடலன்னு கோவிச்சுக்கிட்ட நண்பர் ஒருத்தர் இன்னிக்கும் மகாமகக் குளத்துல என்னைப் பாத்தா எதிர்க்கரையில நடக்கறார். (உங்க பதிவு நல்லா இல்ல சார். அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன்.)

சரி, வழி கேட்டீங்க. ஒரு வலைப்பூவுல புதுசா எழுதினா அது தானா நம்மகிட்ட வந்து சேர்ற ஏற்பாடு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர்ல ஆர்எஸ்எஸ்ம்பாங்க. அந்த சமாச்சாரத்துக்கு அந்தக் காலத்துல தமிழ்ல செய்தியோடைன்னு பேர் வெச்சாங்க, வெச்ச புண்ணியவான் கண்டிப்பா நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கணும். அந்த ஓடை இன்னும் வத்தல. 2013 ஜூலையில அந்த ஓடையைப் படிக்க உதவின கூகுள் ரீடரை மூடினாங்களே தவிர மத்த ரீடர்கள் இருக்கு, புடிச்சதை நீங்களே சேத்துக்கிட்டா எவனும் நடுவுல மதகை எறக்க முடியாது. அடுத்து, உங்களுக்குப் புடிச்ச ஆள் தன் பக்கத்து ஓரத்துல யார் யார் பேரைப் போட்டிருக்கார்னு பாருங்க. அதை விட முக்கியமா அவர் யார்கூட சண்டை போடறார்னு பாருங்க, நேரா அந்த ஆள்கிட்ட போய்ப் படிங்க. மன்னார்குடி புலவர் மட்டும் வலைப்பூ வெச்சிருந்தா நானே தினம் ரெண்டு தரம் போய்ப் பாப்பேன்.

நீங்க கேக்காத ஒரு விஷயம், உங்க சந்தா ஆடியோட முடியுது. உங்களுக்குன்னே எடுத்துச் சொல்றேன். இந்த மாசம் இதே வரியை இன்னும் நாப்பது பேருக்கும் எழுதியிருக்கேன்.