கதவில்லாத செல்லும் நான்காயிரம் ரூபாய் கேப்ஸ்யூலும்

கேள்வி: என் வயது 34. கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது ஆறு ஆண்டுகளுக்கு முன் தெரிந்தது. அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். எனக்கு எப்போது சோதித்தாலும் ‘இல்லை’ என்றே வருகிறது. செல்லில் ‘கதவு’ இல்லாதவர்களை இந்தக் கிருமி தொற்றாது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நானும் அந்த வகையா? எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் கேப்ஸ்யூல் என்று தெரிந்தவர் ஒருவர் மாதம் நான்காயிரம் ரூபாய்க்குத் தருகிறார். கணவருக்கு வாங்கலாமா?

– பெயர் வேண்டாம்

பதில்: கேப்ஸ்யூல் வேண்டாம், சகோதரி. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

காணொளி சொன்னது பொய்யில்லை. எச்.ஐ.வி. முதலில் வெள்ளையணுவின் மேலிருக்கும் சி.டி.4 என்ற ஏற்பியை, அதாவது செல்லின் மேல் செய்தி வாங்கும் புரதத்தை, பற்றிக்கொள்கிறது. அது மட்டும் போதாது, பக்கத்தில் இரண்டாவதாக ஒரு பிடி வேண்டும். பெரும்பாலும் அது சி.சி.ஆர்.5 என்ற ஏற்பி; காணொளி சொன்ன ‘கதவு’ இதுதான். இந்த ஏற்பி வைரஸுக்காக உண்டானதல்ல. ‘இங்கே வீக்கம், உடனே வா’ என்று உடல் அனுப்பும் கீமோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களைக் கேட்டறியும் காது அது. அந்தப் புரதங்களில் மூன்று எச்.ஐ.வி.யைத் தடுக்கின்றன என்று 1995-இல் அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் ராபர்ட் காலோவின் ஆய்வுக்கூடம் கண்டது. ஏன் தடுக்கின்றன என்பது மறு ஆண்டு விளங்கியது. அவை போய் அமர்வதும் வைரஸ் தேடி வருவதும் ஒரே இடம்.

சிலருக்கு அந்த ஏற்பியின் மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டிருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அப்படியே வந்திருந்தால் செல்லின் மேல் சி.சி.ஆர்.5 இருக்காது. பெர்லினில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற டிமொதி ரே பிரௌனுக்கு, 2007-இல் அப்படிப்பட்ட ஒருவரின் ஸ்டெம் செல்லைச் செலுத்தினார்கள். எச்.ஐ.வி.யும் போனது. ஆனால் இந்த இரட்டைக் குறை வட ஐரோப்பிய வம்சாவளியினரிலேயே நூற்றுக்கு ஒருவருக்குத்தான். நம்மிடையே மிக மிக அரிது. அந்தக் குறை உள்ளவர்களுக்கும் முழுக் காவல் இல்லை, சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வேறு ஏற்பி வழியாக நுழையும் வைரஸும் உண்டு. அந்த மரபணுச் சோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

உங்களைக் காத்து வருவது பெரும்பாலும் உங்கள் ரத்தமல்ல, அவர் விழுங்கும் மாத்திரை. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளை ஒன்பது நாடுகளில் கவனித்தார்கள். சென்னையும் புனேயும் அதில் உண்டு. சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011-இல் முடிவு வந்தது. இதை யாரும் பரபரப்பான காணொளியாக எடுப்பதில்லை.

இனி அந்த ‘தூண்டுதல்’. எதிர்ப்பு சக்தியை ஏற்றிவிட்டால் கிருமி ஒடுங்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எச்.ஐ.வி. குடியிருப்பதே எதிர்ப்பு அணுக்களுக்குள் என்பதுதான் சிக்கல். செல் சும்மா கிடந்தால் உள்ளே வைரஸும் கிடக்கும். டி.என்.எஃப். போன்ற சைட்டோகைன்கள் (எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதங்கள்) செல்லை உசுப்பினால், என்.எஃப். கப்பா பி என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய் வைரஸின் மரபணுவையும் சேர்த்தே இயக்கிவிடுகிறது.

மருத்துவர்களே இந்த ஆசையில் விழுந்து எழுந்தவர்கள்தான். வெள்ளையணுக்களைப் பெருகச் சொல்லும் இன்டர்லூக்கின்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தை, வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்து ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஆய்வுகளிலுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர். சி.டி.4 உள்ள வெள்ளையணுக்களின் எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. ஆனால் ஊசி போடாதவர்களோடு ஒப்பிட்டால் நோய்களும் குறையவில்லை, சாவும் குறையவில்லை என்று 2009-இல் வெளியிட்டார்கள். தரமான புரதத்துக்கே இந்தக் கதி. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத கேப்ஸ்யூலை நம்பி அவர் மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்பதுதான் என் பயம்.

அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்துக்கு நீங்களும் கூடப் போங்கள். கடைசி வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) எத்தனை, எப்போது எடுத்தது என்று கேளுங்கள். எண் 200-க்குக் கீழே நிலையாக இருந்தால் உடலுறவில் உங்களுக்குத் தொற்றாது. அது தெரியும்வரை ஆணுறை கட்டாயம். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் உங்கள் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். குழந்தை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எண்ணமிருந்தால் அதையும் அங்கேயே கேட்கலாம், வழி இருக்கிறது.