லண்டனில் அரை நாள்: ஓவியத்தில் எந்திரத்தை எங்கே பார்ப்பது?

கேள்வி: கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைன் இன்ஜினியராக இருக்கிறேன். வேலை விஷயமாக லண்டன் போகிறேன், நடுவில் அரை நாள் ஓய்வு கிடைக்கும். எந்திரங்களும் தொழிற்சாலைகளும்தான் நவீன ஓவியத்தை மாற்றின என்று படித்தேன். அதை நேரில் பார்க்க எங்கே போகலாம்? படம் பார்த்துப் பழக்கமில்லாதவன், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில்: டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நேஷனல் கேலரிக்குப் போங்கள். அனுமதி இலவசம். ஆனால் ரயிலும் புகைபோக்கியும் இருக்கிற படங்களாகத் தேடிக்கொண்டு போகாதீர்கள். எந்திரம் படத்துக்குள் வந்ததைவிட, ஓவியரின் வண்ணப் பெட்டிக்குள் வந்ததுதான் பெரிய விஷயம் என்பேன்.

எண்ணெயில் குழைத்த வண்ணத்தை முன்பெல்லாம் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து, வாயை நூலால் கட்டி வைப்பார்கள். வேண்டும்போது ஆணியால் குத்திப் பிதுக்க வேண்டும். குத்திய ஓட்டையைச் சரியாக மூட முடியாது, மிச்சம் காய்ந்துபோகும். இதைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போக யாருக்கு மனசு வரும்? 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், நசுக்கிப் பிதுக்கும் வெள்ளீய ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் டூத்பேஸ்ட் ட்யூபுக்குத் தாத்தா. வண்ணம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

இப்போது பிரெஞ்சு ஓவியர் மோனே 1870-இல் வரைந்த ட்ரூவில் கடற்கரைப் படத்தின் முன் நில்லுங்கள். சின்னப் படம்தான். வண்ணத்துக்குள்ளேயே மணல் துகள்கள் ஒட்டியிருப்பதை மியூசியத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து வரைந்தால் மணல் எப்படி வரும்?

அவரே 1869-இல் வரைந்த லா கிரெனூயேர் படத்தில் தண்ணீரை மட்டும் பாருங்கள். பட்டை பட்டையாக, கரண்டியால் இழுத்துவிட்டதுபோல் இருக்கும். காரணம் தூரிகையின் பூண், அதாவது முடியைக் கைப்பிடியோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம். முடியை இறகுத் தண்டில் செருகிக் கட்டிய காலத்தில் தூரிகை உருண்டையாகத்தான் இருந்தது. உலோகப் பூண் வந்தபின் அதை நசுக்கித் தட்டையாக்க முடிந்தது. உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ரென்வாரின் ‘குடைகள்’ படத்தில் ரசாயனத் தொழிற்சாலையே இருக்கிறது. 1881 வாக்கில் தொடங்கியபோது பயன்படுத்திய நீலம் கோபால்ட். சில வருடங்கள் கழித்து மீண்டும் எடுத்து முடித்தபோது செயற்கை அல்ட்ராமரீன் என்ற நீலத்துக்கு மாறிவிட்டார். ஒருகாலத்தில் ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்து எடுத்த, தங்கத்தோடு போட்டிபோட்ட நீலம் அது. 1820-களின் இறுதியில் பிரான்சில் ஆலையில் செய்ய ஆரம்பித்ததும் விலை சரிந்தது. இந்தப் படத்தை அயர்லாந்தின் டப்ளினில் உள்ள ஒரு கேலரியோடு முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். லண்டனில் இருக்கிறதா என்று வெப்சைட்டில் பார்த்துவிட்டுப் போங்கள்.

ரயில் இல்லாமல் திரும்ப மனசில்லையென்றால் ஆங்கில ஓவியர் டர்னர் 1844-இல் வரைந்த ‘மழை, நீராவி, வேகம்’ படம் இருக்கிறது, பாலத்தின் மேல் ரயில் வரும் காட்சி. அந்தப் பாலம் லண்டனுக்கு மேற்கே மெய்டன்ஹெட்டில் புரூனல் என்ற இன்ஜினியர் கட்டியது. 39 மீட்டர் அகலத்தில் அவ்வளவு தட்டையான செங்கல் வளைவா, விழுந்துவிடும் என்றார்கள்; இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது. எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு முயல் ஓடுகிறது, மங்கிப்போயிருக்கும். பொறுமையாகத் தேடுங்கள். மோனேயின் செயின்ட் லசார் ரயில் நிலையப் படமும் (1877) இங்கேதான். அதில் எஞ்சினைவிடப் புகையைத்தான் அவர் அக்கறையாக வரைந்திருக்கிறார்.

நேரம் மிச்சமிருந்தால் லண்டனிலேயே டேட் பிரிட்டன் என்ற இன்னொரு கேலரியில் சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீனின் ‘ராக் டிரில்’ சிற்பத்தைப் பாருங்கள், அதுவும் காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிஜமான பாறை துளைக்கும் எந்திரத்தின் மேல் ஒரு பிளாஸ்டர் மனிதனை ஏற்றி 1915-இல் காட்சிக்கு வைத்தார். அதற்குள் உலகப் போர் தொடங்கியிருந்தது. அடுத்த வருடமே எந்திரத்தைக் கழற்றினார். உருவத்தை இடுப்போடு வெட்டி, கைகளையும் குறைத்து, உலோகத்தில் வார்த்தார். நீங்கள் பார்க்கப்போவது அந்த மிச்சத்தை. டிரில் எங்கே என்று அங்கே தேட வேண்டாம்.